அறுமீனும் ஒன்றரை ஷிப்டும்

வீரபாண்டியில் தினந்தோறும் இரவு என்று ஒன்று வருவதாகப் பஞ்சாங்கம் சொல்லுகிறது. நாமும் அதை நம்பிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் மாலை ஏழரை மணிக்கு மொட்டை மாடியில் ஏறி நின்று நாற்புறமும் பார்த்தால், பகல் போய்விட்டதென்று சத்தியம் செய்வது கடினம். வடக்கே திருப்பூர் நகரம் ஆகாயத்தின் அடிவயிற்றில் பாலைத் தெளித்தாற்போல் ஒரு வெளுப்பைப் பூசியிருக்கும். பல்லடம் ரஸ்தாவில் லாரிகளின் விளக்குகள் ஓயாமல் ஓடும். எதிர் வரிசையில் ஒரு பனியன் கம்பெனி. அதன் வாசலில் உள்ள விளக்கு நம் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஜன்னல் கம்பிகளின் நிழலை விடிய விடிய எழுதிக்கொண்டிருக்கும்.

இப்பேர்ப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டு நக்ஷத்திரக் கூட்டங்களைப் படம் பிடிப்பது என்று நாம் ஒரு காரியத்தை மேற்கொண்டிருக்கிறோம். அயலாருக்கு இதைப் பற்றிப் பல அபிப்பிராயங்கள் உண்டு. தண்ணீர்த் தொட்டிக்குக் காவல் இருப்பதாகச் சிலர் எண்ணுகிறார்கள். கம்பெனியின் இராக்காவலர், "ஏனுங்க, டிரோன் உடறீங்களா?" என்று ஒருமுறை விசாரித்துவிட்டுப் போனார். வீட்டாரின் அபிப்பிராயத்தை இங்கே எழுதுவது குடும்ப க்ஷேமத்துக்கு உகந்ததல்ல.

காரணம் நம் அம்மாயிதான். அம்மாவைப் பெற்ற பாட்டியைக் கொங்கு நாட்டில் அம்மாயி என்போம். அவளுக்கு வயது எண்பத்தைந்துக்கு மேலாகிறது. அவள் சிறுமியாக இருந்தபோது தோட்டத்துக் கிணற்றில் கவலை இறைத்தார்கள். வெயில் ஏறுமுன் மாடுகள் பாதி வயலுக்காவது தண்ணீர் இறைத்தாக வேண்டும். வீட்டில் கடியாரம் கிடையாது. ஆகாயமே கடியாரம். ஆவணி மாதத்தில் கார்த்திகை உச்சியைத் தொடுமுன்பே அவளுடைய அப்பன் மாடு பூட்டிவிடுவாராம். "ஆறும் தெரியுதா எண்ணிப் பாரு கண்ணு, மேகமிருந்தா ரெண்டு கொறையும்" என்று குழந்தையை எழுப்பி வாசலில் நிறுத்துவாராம். மழை வருமா என்பதற்கும் அதுவே சோதனை. 1932-இல் பைக்காரா மின்சாரம் இந்தப் பிரதேசத்துக்கு வந்தபின், காலக்கிரமத்தில் கிணறுகளில் மோட்டார் ஏறிற்று, கவலை போயிற்று. நக்ஷத்திரம் பார்க்க வேண்டிய அவசியமும் அத்துடன் போயிற்று. ஆயினும் அந்த ஆறு நக்ஷத்திரங்கள் மட்டும் அவள் மனத்தைவிட்டுப் போகவில்லை.

2012-ஆம் வருஷத்து மின்வெட்டு நேயர்களுக்கு ஞாபகமிருக்கும். நாள் ஒன்றுக்குப் பல மணி நேரம் மின்சாரம் இல்லை. பெரிய கம்பெனிகள் டீசல் இயந்திரத்தைக் கொண்டு ஒப்பேற்றின. சிறிய பட்டறைகள் இருண்டு கிடந்தன. ஊரே சபித்துக்கொண்டிருந்த ஒரு கார்த்திகை மாத இரவில், புழுக்கம் தாளாமல் பாயைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் மாடிக்குப் போனோம். அம்மாயி கிழக்கே நிமிர்ந்து பார்த்தாள். "ஆறும் இருக்குதே!" என்றாள். ஊருக்குப் போன உறவினர் திரும்பி வந்துவிட்டாற்போலிருந்தது அவள் குரல். நாம் முப்பது வருஷத்துக்கு மேல் அதே ஊரில் இருந்தும் அதை அதற்குமுன் கவனித்துப் பார்த்ததில்லை. விளக்குகள் எரிந்தவுடன் எல்லோரும் ஆனந்தமாகக் கீழே இறங்கினோம். நாமும் இறங்கினோம், ஷிப்மென்ட் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

இப்போது அவளுக்குப் புத்தகத்து எழுத்து கிட்டத்தில் வைத்தால் தெரியும், தூரம் மங்கல். நம் பெண்ணுக்குப் பத்து வயது, கண் கூர்மையானது. அம்மாயி அவளைத்தான் கேட்கிறாள்: "பாப்பா, ஆறும் இருக்குதா?" பாப்பா மாடிக்கு ஓடி, கழுத்தை வளைத்துப் பார்த்துவிட்டு வந்து, "வெறும் பொகையாட்டம் இருக்குதுங்க அம்மாயி" என்பாள். ஒருத்திக்குக் கண் இல்லை. மற்றவளுக்கு ஆகாயம் இல்லை. காமிராவாவது காட்டிக் கொடுக்காதா என்றுதான் நாம் தொடங்கினோம்.

நக்ஷத்திரக் கூட்டம் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு ஜாதி உண்டு. லக்ஷக்கணக்கான கிழட்டு நக்ஷத்திரங்கள் பந்துபோல் நெருக்கமாகத் திரண்டிருப்பது கோளக் கொத்து. ஒரே வாயு மேகத்தில் ஒரே காலத்தில் பிறந்த சில நூறு அல்லது சில ஆயிரம் நக்ஷத்திரங்கள், தளர்ச்சியாகக் கைகோத்துக்கொண்டு போவது திறந்த கொத்து. கார்த்திகை இந்த இரண்டாவது ஜாதி. அதன் வயது சுமார் பத்துக் கோடி வருஷம். தூரம் சுமார் 440 ஒளிவருஷம். கண்ணுக்கு ஆறு தெரிந்தாலும் அதன் அங்கத்தினர் ஆயிரத்துக்கு மேல். திறந்த கொத்துக்கு ஆயுள் கெட்டியல்ல. வழியில் தென்படும் பெரிய மேகங்களும், நம் க்ஷீரபதத்தின் ஆகர்ஷணமும் அதைச் சிறிது சிறிதாகக் கலைத்துவிடும். நம் சூரியனும் இப்படி ஒரு கூட்டத்தில் பிறந்து சகோதரர்களைப் பிரிந்து வந்ததுதான் என்று சாஸ்திரிகள் கருதுகிறார்கள்.

இந்தக் கொத்துக்களை நம் முன்னோர் தொலைநோக்கி இல்லாமலே தெரிந்து வைத்திருந்தார்கள். சங்க நூல்கள் கார்த்திகையை அறுமீன் என்கின்றன. ரோகிணி என்று நாம் காட்டும் சிவப்பு நக்ஷத்திரத்தைச் சுற்றி ஒரு கொத்து இருக்கிறது. அது 150 ஒளிவருஷத்துக்குச் சற்று மேல். ரோகிணியோ 65 ஒளிவருஷத்தில் தனியாக நிற்கிறாள். கூட்டத்தைச் சேர்ந்தவளே அல்ல. கல்யாண போட்டோவில் வழிப்போக்கர் ஒருவர் நடுநாயகமாக விழுந்துவிட்டாற்போல! பூச நக்ஷத்திரத்தின் பக்கத்தில் இருக்கும் கொத்து மூன்று பூர்ண சந்திரன் அகலம். 1610-இல் கலிலியோ தம் குழாயைத் திருப்பிப் பார்த்து, மேகம்போல் தெரிந்த அது நாற்பதுக்கு மேற்பட்ட சிறு நக்ஷத்திரங்கள் என்று எழுதினார். நமக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கார்த்திகை தீபத்தன்று கார்த்திகைக்கு அருகிலும், தைப்பூசத்தன்று பூசத்துக்கு அருகிலும் பூர்ண சந்திரன் வந்து நின்றுகொள்ளும். ஊரே கொண்டாடும் அந்த இரண்டு இரவுகளில்தான் அந்த இரண்டு கொத்துக்களையும் படம் பிடிக்க முடியாது.

நகரத்தில் இருப்பவன் நக்ஷத்திரக் கொத்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. ஆண்ட்ரமீடா போன்ற பால்வெளி மண்டலங்களும், ஒளிர்கின்ற மேகங்களும் தங்கள் வெளிச்சத்தை அகலமாகப் பரப்பி வைத்திருக்கின்றன. அந்த மெல்லிய பூச்சின்மேல் ஊர் வெளிச்சம் ஏறிவிட்டால் பிறகு எது எதுவென்று தெரியாது. நக்ஷத்திரமோ புள்ளி. அதன் வெளிச்சம் முழுவதும் காமிராவின் நாலைந்து கட்டங்களில் குவிந்து விழுகிறது. சுற்றிலும் உள்ள வெளுப்பைக் குத்திக்கொண்டு எழுகிறது. அப்படி எழும் புள்ளிகளை நூறாகச் சேர்த்தால் கொத்து. ஏழைக்கேற்ற எள்ளுருண்டை.

நம்மிடம் இருப்பது தொலைநோக்கியல்ல. கோயமுத்தூரில் பழைய சாமான் விற்கும் கடையில் வாங்கிய 135 மில்லி மீட்டர் லென்ஸும், ஒரு நடுத்தரக் காமிராவுமே. இந்த ஜோடி ஆகாயத்தில் அகலத்தில் பத்து டிகிரியும் உயரத்தில் ஆறரை டிகிரியும் கொண்ட ஒரு ஜன்னலைத் திறக்கிறது. கார்த்திகையின் அகலம் இரண்டு டிகிரிதான். பெரிய தொலைநோக்கி வைத்திருப்பவருக்குக் கொத்தின் ஒரு மூலை அகப்படும். நமக்கு வீடும் வாசலும் கொல்லையுமாக முழுவதும் அகப்படுகிறது. கொத்து என்பது சுற்றிலும் உள்ள வெறுமையோடு சேர்த்துப் பார்த்தால்தான் கொத்து. இதில் நமக்குச் சிறிது கர்வம் உண்டு.

முதல் நாள் முப்பது விநாடி திறந்து வைத்தோம். வந்த படத்தைப் பார்த்தால் சாம்பார் பாத்திரத்தில் கோடு கிழித்தாற்போலிருந்தது. கோடு ஏன் என்றால், பூமி சுற்றுகிறது. விநாடிக்குப் பதினைந்து விகலை வீதம் நக்ஷத்திரம் நகர்ந்துவிடுகிறது. நம் லென்ஸில் ஒரு விநாடிக்கு மேல் போனால் புள்ளி கோடாகிவிடும். ஒரு விநாடியில் வருகிற வெளிச்சமோ சொற்பம். ஆகவே ஒரு விநாடிப் படங்களாக 400 எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுக்க வேண்டும். நம் தொழிலில் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துணியின் கனத்தை ஓரிடத்தில் வட்டமாக வெட்டி நிறுத்துவிட்டு யாரும் நம்பமாட்டார்கள். ஐந்தாறு இடத்தில் வெட்டி நிறுத்துச் சராசரி பார்ப்பார்கள். காமிராவின் பிழை ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு இடத்தில் விழுகிறது. நக்ஷத்திரம் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் விழுகிறது. நூறு படம் சேர்த்தால் பிழை பத்தில் ஒரு பங்காகும். நானூறு சேர்த்தால் இருபதில் ஒரு பங்கு. பாதியாக்க நாலு மடங்கு உழைக்க வேண்டும் என்பது கொடிய வட்டிக் கணக்கு. கோயமுத்தூர் விமானங்கள் இழுத்துச் செல்லும் கோடுகளும் இந்தச் சராசரியில் கழிந்துபோகும்.

பிறகு கீல் பொறி செய்தோம். இரண்டு மரப்பலகைகளைக் கதவுக் கீலால் இணைத்து, கீலின் அச்சைத் துருவ நக்ஷத்திரத்துக்கு நேராக வைத்து, ஒரு திருகாணியால் மேல் பலகையை மெல்ல மெல்ல உயர்த்தினால், பலகைமேல் உள்ள காமிரா ஆகாயத்தோடு கூடவே திரும்பும். மரையின் இடைவெளி ஒரு மில்லி மீட்டராக உள்ள ஆறு மில்லி மீட்டர்த் திருகாணியைக் கீலிலிருந்து 229 மில்லி மீட்டர் தள்ளிப் பொருத்தி, நிமிஷத்துக்கு ஒரு சுற்று வீதம் சுற்ற வேண்டும், கணக்கு அவ்வளவுதான். ஓவர்லாக் மெஷின் ரிப்பேர் செய்யும் மெக்கானிக் ஒருவர் அரை நாளில் செய்து கொடுத்தார். எதற்கு என்று கேட்டார், சொன்னோம். கூலி வாங்க மறுத்துவிட்டு, பொறி ஓடுகிறதா என்று பார்க்க மறுநாள் இரவு ஒன்றரை ஷிப்ட் முடித்து நேரே நம் மாடிக்கு வந்துவிட்டார்.

பொறி ஓடிற்று. துருவன்தான் அகப்படவில்லை. எந்த ஊருக்கு எத்தனை டிகிரி அட்சரேகையோ, அத்தனை டிகிரி உயரத்தில்தான் அங்கே துருவ நக்ஷத்திரம் நிற்கும். நமக்குப் பதினொன்று. அதாவது வடக்கு அடிவானத்துக்குச் சற்று மேலே. அங்கே இருப்பது திருப்பூர் நகரம். அதன் முன்னே ஒரு நிட்டிங் கம்பெனியின் மூன்றாவது மாடி. அதன்மேல் ஒரு செல்போன் கோபுரம். துருவன் தவம் செய்து பெற்ற அசையாத பதவி வீரபாண்டியில் ஒரு தண்ணீர்த் தொட்டியின் பின்னால் இருக்கிறது. காந்த ஊசியையும் மட்டக் கருவியையும் வைத்துக் குத்துமதிப்பாக நிறுத்தி, படம் எடுத்துப் பார்த்து, கோடு எந்தப் பக்கம் நீளுகிறதோ அதற்கு எதிராகத் தட்டித் தட்டி நேராக்கினோம். இதற்கு ஐந்து இரவுகள் ஆயின. இப்போது இருபது விநாடி திறக்க முடிகிறது. அதற்குமேல் திறந்தும் பயனில்லை, ஆகாயமே வெளுத்துவிடும்.

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் விடுவது ஊருக்குச் செய்யும் துரோகமாகும். எந்த லென்ஸும் நடுவில் பிரகாசமாகவும் மூலைகளில் மங்கலாகவும் காட்டும். கிராமத்து இருட்டில் இது பெரிதாகத் தெரியாது. ஊர் வெளிச்சம் ஏறிய படத்தில் நடுவே ஒரு பெரிய தோசை வார்த்தாற்போல் தெரியும். இதைத் திருத்துவதற்குச் சீரான வெண்மை ஒன்றைப் படமெடுத்து, அதனால் மற்றப் படங்களை வகுக்க வேண்டும். அந்தச் சீரான வெண்மைக்கு என்ன செய்வது? உலகமெங்கும் உள்ள ஆகாயப் பட விளையாட்டுக்காரர்கள் கண்டுபிடித்திருக்கும் உபாயம், சுத்தமான வெள்ளைப் பனியனை லென்ஸின் வாயில் இழுத்துக் கட்டி, விடியற்கால வெளிச்சத்தில் நாலைந்து படம் எடுப்பது! அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் அவர்கள் கட்டுகிற பனியன் நம் ஊரில் தைத்ததாக இருக்கலாம் என்று எண்ணிக்கொள்வதில் நமக்கு அலாதி சந்தோஷம். நாம் உபயோகிப்பது ஊசிக்கோடு விழுந்து ரிஜக்ட் ஆன ஒன்று. அயல்நாட்டு வியாபாரி வேண்டாமென்று தள்ளியதை ஆகாயம் ஏற்றுக்கொண்டது. கண்ணாடிக்கு அவ்வளவு அருகில் இருக்கும் கோடு படத்தில் விழாது.

ஆகாயத்தைப் படம் பிடிப்பது நம் தேசத்துக்குப் புதிதல்ல. 1885-இல் பாரிஸில் ஹென்றி சகோதரர்கள் கார்த்திகையைப் படம் பிடித்தபோது, அதுவரை எந்தக் கண்ணும் அறியாத ஒரு மேகம் அங்குள்ள நக்ஷத்திரம் ஒன்றைச் சூழ்ந்திருப்பதைத் தகடு காட்டிக் கொடுத்தது. அந்த உற்சாகத்தில் 1887-இல் உலக முழுவதும் ஆகாயத்தைப் பங்கு போட்டுப் படமெடுக்க ஓர் ஏற்பாடு நடந்தது. பின்னர் நம் ஹைதராபாத் நிஜாமியா வானிலையமும் அதில் தன் பங்கைச் செய்து, ஏழு லக்ஷத்துக்கு மேற்பட்ட நக்ஷத்திரங்களை அளந்து ஜாபிதா போட்டது. ஹைதராபாத்தில் வளர்ந்த வைணு பாப்பு 1949-இல் ஹார்வர்டில் மாணவராக இருக்கையில், அகன்ற பார்வையுள்ள காமிராத் தொலைநோக்கியில் எடுத்த தகட்டில் ஒரு வால் நக்ஷத்திரத்தைக் கண்டுபிடித்தார். அவர் பின்னாளில் இருட்டைத் தேடித் தமிழ்நாட்டு மலைகளில் அலைந்து, ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். இருட்டைத் தேடி அலைய வேண்டியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 2022-இல் லடாக்கிலுள்ள ஹான்லேயை இருண்ட ஆகாயத்துக்கான காப்பகமாக அறிவித்தார்கள். புலிக்கும் யானைக்கும் அமைத்தாற்போல் இருட்டுக்கும் ஒரு சரணாலயம்!

தெரு விளக்கு மஞ்சளாக இருந்த காலத்தில் ஒரு சௌகரியம் இருந்தது. சோடியம் விளக்கு ஒரே ஒரு மஞ்சள் நிறத்தையே பிரதானமாகக் கொட்டும். அந்த நிறத்தை மட்டும் தடுக்கும் கண்ணாடி ஒன்றை லென்ஸின் முன் வைத்தால் ஆகாயம் பாதி கறுத்துவிடும். நாமும் ஒரு கண்ணாடி வாங்கினோம். வாங்கிய சில மாதங்களில் தெருவெல்லாம் வெள்ளை எல்.இ.டி. விளக்காக மாறிற்று. அது எல்லா நிறமும் கொட்டும். நீலம் அதிகம் கொட்டும். நீலமோ காற்றில் அதிகமாகச் சிதறும். அந்தக் கண்ணாடி இப்போது மேஜைமேல் காகிதம் பறக்காமலிருக்க உதவுகிறது. 2023-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், உலகெங்கும் பொதுஜனங்கள் பன்னிரண்டு வருஷ காலம் நக்ஷத்திரங்களை எண்ணி அனுப்பிய ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட குறிப்புக்களைக் கொண்டு, ஆகாயத்தின் வெளுப்பு வருஷத்துக்குச் சுமார் பத்துச் சதவீதம் ஏறுகிறதென்று கணக்கிட்டார்கள். ஒரு குழந்தை பிறக்கும்போது 250 நக்ஷத்திரம் தெரிந்த இடத்தில் அதற்குப் பதினெட்டு வயதாகும்போது 100 தெரியுமாம். பாப்பாவுக்கு இன்னும் எட்டு வருஷம் இருக்கிறது.

நம் ஊர்க்காரருக்கு அழுக்கைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நொய்யல் சாயப்பட்டறைக் கழிவால் நிறம் மாறியதை எல்லோரும் கண்ணால் கண்டார்கள். விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். கழிவுநீரே வெளிவரக்கூடாதென்ற விதியை நிறைவேற்றாத பட்டறைகளை மூடும்படி 2011-இல் சென்னை ஹைகோர்ட் உத்தரவிட்டது. எவ்வளவு கஷ்டமான காரியமாயினும் அந்த வழக்குக்கு ஓர் அனுகூலம் இருந்தது: சாயத்துக்கு நிறம் உண்டு. ஒளியை யார் அழுக்கென்று சொல்வார்கள்? லக்ஷ்மீகரம் என்றல்லவா அதற்குப் பெயர்!

2020-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் தேசமே அடங்கிக் கிடந்தபோது பட்டறைகளும் நின்றன. ஏப்ரல் 3-ஆம் தேதி சுக்கிரன் கார்த்திகையின் நடுவே புகுந்தான். மாலையில் மேற்கே அதைப் பார்த்தோம். ஆறு சகோதரிகளின் நடுவே ஒருவன் தீவட்டியோடு நுழைந்தாற்போலிருந்தது. இரண்டு நாள் கழித்து, இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிஷம் வீட்டு விளக்குகளை அணைக்கும்படி பிரதம மந்திரி கேட்டுக்கொண்டார். நாம் காமிராவைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தோம். வீடுகள் இருண்டன. ஆனால் தெரு விளக்குகளுக்கு விலக்கு உண்டு. பௌர்ணமிக்கு மூன்றே நாள் இருந்ததால் சந்திரனுக்கும் விலக்கு! படம் சுமாராகத்தான் வந்தது. அந்த நாட்களில் ஊர் இருட்டாக இருந்ததை நாம் ஆனந்தமாக எண்ண முடியாது. வேலையிழந்த ஜனங்கள் குழந்தைகளைத் தோளில் சுமந்துகொண்டு பீஹாருக்கும் ஒரிஸ்ஸாவுக்கும் திரும்ப வழி தேடிக்கொண்டிருந்தார்கள்.

நிற்க. சென்ற தை மாதம், சந்திரனில்லாத ஓர் இரவில், கார்த்திகை உச்சிக்கு வந்த எட்டு மணிக்குத் தொடங்கி, இருபது விநாடிப் படங்களாக 240 எடுத்தோம். அவற்றைச் சேர்த்து, பனியன் படத்தால் வகுத்து, வடக்கிலிருந்து ஏறியிருந்த வெளுப்பைக் கழித்துப் பார்த்தபோது, நம் கண்ணையே நம்ப முடியவில்லை. நீலமும் வெள்ளையுமாக நூற்றுக்கணக்கான புள்ளிகள். ஹென்றி சகோதரர்கள் கண்ட மேகம்கூட உற்றுப் பார்த்தால் லேசாகத் தெரிந்தது. அதை இன்னும் கொஞ்சம் தூக்கிவிடலாம் என்று கை துறுதுறுத்தது. சிலர் அப்படித் தூக்கித் தூக்கி, கார்த்திகையை வெளுத்த ஜவுளிக்கு நீலம் போட்டாற்போல் ஆக்கிவிடுகிறார்கள். நாம் மனத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டு, பெரிய காகிதத்தில் அச்சிட்டு அம்மாயியின் மடியில் வைத்தோம்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். விரலால் தடவினாள்.

"என்ன சாமி இது?"

"உங்க கார்த்திகைங்க அம்மாயி."

"இத்தனை ஏது? அது ஆறல்லோ?" என்றாள். மறுபடியும் தேடினாள். பிறகு, நம் மனம் வருந்தக்கூடாதே என்று, "நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஐந்து வார உழைப்பு. காமிரா அவளுடைய ஆறையும் நூற்றுக்கணக்கில் கரைத்துவிட்டது. வெளிச்சம் மிகுந்து ஊர் அதை மறைத்தது போதாதென்று, வெளிச்சத்தைச் சேர்த்துச் சேர்த்து நாமும் மறைத்துவிட்டோம். அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை.

காலையில் ஒரு யோசனை தோன்றிற்று. இருட்டில் விரிந்த மனிதக் கண்ணின் பாவை ஆறு ஏழு மில்லி மீட்டர் அகலம். நம் லென்ஸின் துவாரத்தைக் கடைசி எண்ணான 22 வரை சுருக்கினால், 135-ஐ 22-ஆல் வகுத்து, ஆறு மில்லி மீட்டரும் சொச்சமும் ஆகிறது. ஏறக்குறைய ஒரு கண். அன்று மாலை துவாரத்தை அப்படிச் சுருக்கி, ஒரே ஒரு விநாடி, ஒரே ஒரு படம் எடுத்தோம். அடுக்கவில்லை, வகுக்கவில்லை, கழிக்கவில்லை, உள்ளது உள்ளபடி அச்சிட்டோம். கறுத்த காகிதத்தில் ஆறு புள்ளிகள் தெளிவாக இருந்தன. ஓரத்தில் உற்றுப் பார்த்தால் ஏழாவது, எட்டாவது.

அம்மாயி அதைக் கையில் வாங்கியவுடன் தலைகீழாகத் திருப்பினாள். நாம்தான் தவறாகக் கொடுத்திருந்தோம். "இப்படித்தான் எந்திரிச்சு வரும்" என்றாள். ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினாள். எண்ணி முடித்து, "பாப்பாளைக் கூப்பிடு" என்றாள். இப்போது பாப்பாவுக்கு எந்தெந்த இடத்தில் பார்க்க வேண்டுமென்று தெரிந்துவிட்டது. மாடிக்குப் போய், எதிர்க் கம்பெனி விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்து, நாலு வரை வந்திருக்கிறாள்.

அந்த விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. நம் படங்களிலெல்லாம் ஒரு மூலையில் வெளுப்பு அதிகமாயிருந்ததற்கு அதுவே காரணம். வெகுநாள் யோசித்து, ஒருநாள் முதலாளியைப் போய்ப் பார்த்தோம். "ஏனுங்ணா, நட்சத்திரத்துக்காக வெளக்கை அணைக்கச் சொல்றீங்களா?" என்று அவர் சிரிக்கவில்லை, நிஜமாகவே கேட்டார். "ராத்திரி ஒரு மணிக்குச் செக்கிங் பொம்பளைங்க வெளியே வர்றாங்க. வெளக்கு இல்லாட்டி அவங்க எப்படிங்க வீட்டுக்குப் போவாங்க?" இதற்கு நம்மிடம் பதில் இல்லை. நமக்குச் சம்பளம் வருவதும் இப்படி ஒரு விளக்கின் கீழிருந்துதான். திரும்பி வந்துவிட்டோம்.

பிறகு அந்த ஓவர்லாக் மெக்கானிக்தான் வழி சொன்னார். விளக்கு ரஸ்தாவைப் பார்க்காமல் எதிர் வீட்டு இரண்டாம் மாடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பாதி வெளிச்சம் வீணாக ஆகாயத்துக்குப் போகிறது. அதைக் குனிய வைத்து மேலே ஒரு தகரக் கூரை போட்டால் போதும் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் நாமும் ஏணி வைத்து ஏறினோம். தகரம் நம் செலவு, நூற்றெண்பது ரூபாய். அன்றிரவு ஒரு மணிக்கு வெளியே வந்த ஒரு பெண், ரஸ்தாவிலுள்ள குழி இப்போது நன்றாகத் தெரிகிறது, புது விளக்கா என்று காவலரைக் கேட்டதாகக் கேள்வி. கூடத்துச் சுவரில் ஜன்னல் கம்பியின் நிழல் இல்லை. நம் படத்து மூலையில் வெளுப்பு குறைந்தது. வடக்கேயுள்ள நகரம் அப்படியேதான் இருக்கிறது. ஒரு விளக்கு. பல்லடம் வரையில் எத்தனை ஆயிரம் விளக்குகளோ!

அம்மாயியின் படம் அவள் தலைமாட்டில் இருக்கிறது. தேளின் வாலருகே ஒரு கொத்து இருக்கிறதென்றும், பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே தாலமி என்னும் கிரேக்க பண்டிதர் அதை வெறுங்கண்ணால் பார்த்து எழுதி வைத்திருக்கிறாரென்றும் ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டோம். "எடுத்துட்டு வா, பார்க்கலாம், பெரிசு வேண்டாம், சின்னதாவே எடு" என்று உத்தரவாகியிருக்கிறது. அது சித்திரை மாதத்தில் நள்ளிரவுக்குமேல் தென்கிழக்கில் ஏறும். அந்தத் திசையில் ஒரு சாயப்பட்டறையின் புகைபோக்கி நிற்கிறது. தேளின் வால் அதைத் தாண்டி மேலே வர இரவு ஒன்றரை மணியாகும். செக்கிங் பெண்கள் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். பாப்பா தன்னையும் எழுப்பச் சொல்லியிருக்கிறாள்.